கார்த்திகையில் லாப்லாந்து: வாசகர் கேள்வி பதில்

பள்ளி ஆண்டு முடியும் தறுவாயில், வடதுருவத்தை ஒட்டிய நாடுகளுக்குச் சிறு சுற்றுலா செல்வது பற்றி மொரிஷியஸின் பல ஊர்களிலிருந்து கடிதங்கள் வந்துள்ளன. அவற்றில் பெரும்பாலானவை பின்லாந்தின் வடகோடியான லாப்லாந்தையே குறிப்பதால், இந்த இதழில் இப்பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: நானும் என் கணவரும் ஒன்பது, பதின்மூன்று வயதுப் பிள்ளைகளோடு வடதுருவ ஒளியைக் காணப் புறப்பட எண்ணியுள்ளோம். பத்து நாள் விடுப்பு கிடைக்கும். பாரிஸில் என் சின்னம்மா குடும்பம் இருக்கிறது. நார்வேயின் ட்ரோம்சோ, பின்லாந்தின் ரோவானியெமி, இனாரி ஆகிய மூன்றையும் பார்த்துவிட முடியுமா? எந்த வாரம் நல்லது? (வாசகி, கியூர்பிப்)

பதில்: அம்மா, மூன்று ஊர்கள் வேண்டாம். ட்ரோம்சோவை இந்த முறை விட்டுவிட்டு, ரோவானியெமியில் இரண்டு இரவும் இனாரியில் மூன்று இரவும் தங்குங்கள். காரணத்தைச் சொல்கிறேன். அந்தப் பருவத்தில் லாப்லாந்துப் பயணத்தை நாள் கணக்கில் போடாமல் வெளிச்சக் கணக்கில் போட வேண்டும். நவம்பர் 25 அளவில் நம் தீவில் பகல் பதின்மூன்று மணி நேரம் நீளும். அதே நாளில் ரோவானியெமியில் சூரியன் ஏறத்தாழ நாலரை மணி நேரமும், இனாரியில் மூன்று மணிக்கும் குறைவாகவுமே அடிவானத்துக்கு மேலே நிற்கும். டிசம்பர் தொடக்கத்தில் இனாரியில் சூரியன் மறைந்தால் மீண்டும் தலைகாட்டுவது ஜனவரி இரண்டாம் வாரத்தில்தான். இப்படிப்பட்ட இடத்தில் ஊருக்கு ஊர் பேருந்து ஏறினால், கிடைக்கும் வெளிச்சம் முழுவதும் சன்னல் கண்ணாடிக்குப் பின்னாலேயே தீர்ந்துவிடும்.

ஆனால் சூரியன் இல்லாத நேரம் எல்லாம் கும்மிருட்டு என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடாதீர்கள். சூரியன் அடிவானத்துக்குச் சற்றுக் கீழேயே சாய்வாக நகர்வதால், விடியலுக்கு முன்பும் அந்திக்குப் பின்பும் வானம் நீண்ட நேரம் இளஞ்சிவப்பாகவும், பிறகு ஆழ்ந்த நீலமாகவும் நிற்கும். கீழே விரிந்த பனி அந்த நீலத்தை வாங்கிக்கொள்ளும். நம் நாட்டில் அந்தி என்பது சில நிமிடங்களில் முடிந்துபோகும் ஒன்று. அது மணிக்கணக்கில் நீடிப்பதைப் பார்ப்பதற்காகவே இவ்வளவு தூரம் போகலாம் என்பது என் உறுதியான எண்ணம். துருவ ஒளி வாய்த்தால் அது அதற்கு மேல் கிடைத்த பேறு.

வழியைப் பற்றி: இங்கிருந்து பாரிஸுக்குப் பதினொன்று, பன்னிரண்டு மணி நேர விமானப் பயணம். சின்னம்மா வீட்டில் ஒரு நாள் ஓய்வெடுத்து, தடித்த மேலங்கிகளை அங்கேயே இரவல் வாங்கிக்கொள்ளுங்கள். பத்து நாளுக்காக இங்கே அவற்றைத் தேடி அலைவதில் பொருளில்லை. பின்லாந்து குளிர்காலத்தில் நம் நேரத்துக்கு இரண்டு மணி மட்டுமே பின்னால் இருப்பதால், தூக்கம் குலையும் தொல்லை அநேகமாக இராது. ஹெல்சிங்கி விமான நிலையத்திலிருந்து உள்ளூர் ரயிலில் சில நிமிடங்களில் டிக்குரிலா நிலையத்தை அடைந்து, அங்கே வடக்கே செல்லும் இரவு ரயிலில் ஏறலாம். சுமார் பன்னிரண்டு மணி நேரத்தில் ரோவானியெமி வந்துவிடும். இருவர் படுக்கும் அறைகளை முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். கடைசி நேரத்தில் அவை கிடைப்பதில்லை. பாரிஸிலிருந்து ரோவானியெமிக்குக் குளிர்காலத்தில் நேர் விமானமும் உண்டு. ஆயினும் பிள்ளைகளுக்கு அந்த ரயிலைத்தான் நான் பரிந்துரைப்பேன்: இரவில் படுத்து, காலையில் கண் விழிக்கையில் வெளியே பனி மூடிய காடு ஓடிக்கொண்டிருப்பது அவர்களுக்கு மறக்காது.

ரோவானியெமி பார்வைக்குப் புதிய நகரம். 1944 அக்டோபரில் பின்வாங்கிய ஜெர்மானியப் படைகளால் ஊர் அநேகமாக முழுதும் அழிந்தது. போருக்குப் பின் கட்டடக் கலைஞர் அல்வார் ஆல்தோ, துருவமானின் கொம்பு வடிவில் தெருக்களை வகுத்துக் கொடுத்தார். அவர் வடிவமைத்த நூலகத்தையும், 1992இல் திறக்கப்பட்ட ஆர்க்டிகும் அருங்காட்சியகத்தையும் ஒரு பகலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்கு வடக்கே எட்டு கிலோமீட்டரில் ஆர்க்டிக் வட்டக் கோட்டின் மேலேயே அமைந்த கிறிஸ்துமஸ் தாத்தா கிராமம் இளையவருக்குப் பிடிக்கும், அரைநாள் போதும். 1950இல் எலினோர் ரூஸ்வெல்ட் வருகைக்காகக் கட்டிய மரக்குடிலில் இருந்துதான் அந்த இடத்தின் சுற்றுலா தொடங்கியது.

அங்கிருந்து இனாரி சுமார் 325 கி.மீ.; பேருந்தில் ஐந்து மணி நேரத்துக்குக் குறையாது. திரும்பும்போது இனாரிக்கு நாற்பது கி.மீ. தெற்கே உள்ள இவாலோ விமான நிலையத்திலிருந்து ஹெல்சிங்கிக்குப் பறந்துவிட்டால், போன வழியிலேயே திரும்ப வேண்டியதில்லை.

வாரம் என்று கேட்டால், நவம்பர் கடைசி வாரத்தைச் சொல்வேன். டிசம்பர் நடுவில் ஐரோப்பாவின் பல நகரங்களிலிருந்து கிறிஸ்துமஸ் கூட்டம் தனி விமானங்களில் வந்து இறங்கும். அறை வாடகையும் அப்போது ஏறிவிடும். நவம்பர் கடைசியில் கூட்டம் குறைவு, சூரியனும் இன்னும் விடைபெற்றிருக்காது, பனி பெரும்பாலும் தங்கியிருக்கும். பெரும்பாலும் என்றுதான் சொல்ல முடியும், ஏனென்றால் சில ஆண்டுகளில் பனி தாமதமாகிறது. போதிய பனி இல்லாவிட்டால் ஹஸ்கி நாய்களைச் சறுக்கு வண்டிக்குப் பதில் சக்கர வண்டியில் பூட்டுவார்கள். இன்னொன்றையும் பிள்ளைகளுக்கு அழுத்திச் சொல்லிவையுங்கள்: பருவத் தொடக்கத்தில் ஏரி உறைந்தது போல் தோன்றினாலும் உறுதியாக இராது. உறுதியான பனிக்கட்டி ஐந்து சென்டிமீட்டராவது இருந்தால்தான் ஒரு ஆள் நடக்கலாம் என்பது அந்நாட்டு விதி. அதன் தடிமன் கரையிலிருந்து பார்த்தால் தெரியாது. உள்ளூர் வழிகாட்டி சொல்லாமல் ஏரியில் கால் வைக்கக் கூடாது.

துருவ ஒளிக்கு வருகிறேன். சூரியனிலிருந்து வரும் மின்னூட்டத் துகள்களைப் புவியின் காந்தப்புலம் துருவத்தைச் சுற்றிய ஒரு வளையத்துக்குள் செலுத்துகிறது. அவை நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் காற்றோடு மோதும்போது ஆக்சிஜன் பச்சையாகவும், இன்னும் உயரத்தில் சிவப்பாகவும் ஒளிர்கிறது. லாப்லாந்தின் வடபகுதி அந்த வளையத்தின் கீழ் வருவதால், ஆண்டில் ஏறத்தாழ 200 இரவுகளில் மேலே ஒளி எழுகிறது. தடை மேகம்தான், நவம்பர் அங்கே மேகம் மிகுந்த மாதம். ஆகவேதான் இனாரியில் மூன்று இரவு என்றேன். ஊர் விளக்குகளுக்கு அப்பால் உள்ள மரக்குடிலில் தங்கினால், மேகம் விலகும் எந்த நேரத்திலும் கதவைத் திறந்து வெளியே வரலாம். இரவு ஒன்பது மணியிலிருந்து ஒரு மணி வரை விழித்திருப்பது நல்லது. அமாவாசையை ஒட்டிய நாள்கள் வானத்துக்கு உகந்தவை. புகைப்படக் கருவி நம் கண்ணைவிடக் கூடுதலாக நிறத்தை வாங்கும் என்பதையும், மெல்லிய ஒளி கண்ணுக்கு வெண்சாம்பல் பட்டையாகவே தெரியும் என்பதையும் முன்பே பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். படங்களை மட்டும் பார்த்துவிட்டு வருபவர்கள் ஏமாந்து நிற்பதைக் காண வருத்தமாக இருக்கும்.

கேள்வி: ட்ரோம்சோவில் குளிர் குறைவு என்கிறார்களே, அதுவே நமக்கு ஏற்றதல்லவா? (வாசகர், ரோஸ் ஹில்)

பதில்: குளிர் குறைவு என்பது உண்மை. வடக்கு அட்லாண்டிக்கின் வெப்ப நீரோட்டம் நார்வேக் கரையைத் தழுவுவதால், ஏறத்தாழ 70 பாகை அகலக்கோட்டில் இருந்தும் ட்ரோம்சோவில் டிசம்பர் சராசரி உறைநிலைக்குச் சில பாகைகள் மட்டுமே கீழே நிற்கிறது. ஆனால் அதே காரணத்தால் பருவத் தொடக்கத்தில் அங்கே மழையும் பனியும் மாறிமாறிப் பெய்து, தெரு கண்ணாடியாக வழுக்கும். நவம்பர் 27 வாக்கில் சூரியனும் மறைந்துவிடும். உள்நாட்டு லாப்லாந்தில் குளிர் கடுமையானாலும் உலர்ந்தது. ஜூலையில் கியூர்பிப்பின் ஈரக் குளிரில் நடுங்கியவர்களுக்கு, உறைநிலைக்குப் பத்து பாகை கீழே, காற்றில்லாத உலர்ந்த குளிர் எதிர்பார்த்ததைவிட எளிதாகவே இருக்கும். கடலும் மலையும் சேர்ந்த காட்சிதான் வேண்டும் என்றால் ட்ரோம்சோவுக்குப் போங்கள். பனி மூடிய காடும் அமைதியும் வேண்டும் என்றால் இனாரி.

கேள்வி: மொரிஷியஸ் கடவுச்சீட்டுக்கு விசா வேண்டுமா? பேரப்பிள்ளையை மட்டும் அழைத்துச் செல்லலாமா? (வாசகர், திரியோலே)

பதில்: சுற்றுலாவுக்கு ஷெங்கன் நாடுகளில் (பிரான்சும் பின்லாந்தும் உட்பட, பொதுவான நுழைவு விதி கொண்ட ஐரோப்பிய நாடுகள்) 180 நாளுக்குள் 90 நாள் வரை விசா தேவையில்லை, 2009 முதல் நமக்கு இந்தச் சலுகை உண்டு. கடவுச்சீட்டு பத்து ஆண்டுக்குள் வழங்கப்பட்டதாகவும், ஷெங்கன் பகுதியை விட்டு வெளியேறும் நாளிலிருந்து மூன்று மாதமாவது செல்லுபடியாவதாகவும் இருக்க வேண்டும். 2025 அக்டோபரில் தொடங்கிய புதிய நுழைவுப் பதிவு முறையின்படி முதல் முறை நுழையும்போது முகப்படமும் கைரேகையும் எடுப்பார்கள். அதனால் பாரிஸில் அடுத்த விமானத்துக்குப் போதிய இடைவெளி விடுங்கள். பேரப்பிள்ளைக்குப் பெற்றோர் இருவரும் கையொப்பமிட்ட சம்மதக் கடிதமும் பிறப்புச் சான்றிதழும் கையில் இருக்கட்டும். பயணக் காப்பீடு எடுக்கும்போது பனிச்சறுக்கு வண்டி, ஸ்னோமொபைல் என்னும் பனி மோட்டார் வண்டி ஆகியவற்றால் வரும் காயங்களும் அதில் அடங்குமா என்று எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

கேள்வி: என் தாயாருக்கு 68 வயது, மூட்டுவலி, தந்தையாருக்கு 72, இளைப்பு உண்டு. அவர்களை அழைத்துச் செல்வது சரியா? என்ன உடுத்த வேண்டும்? (வாசகி, வக்வா)

பதில்: மருத்துவர் ஒப்புதல் தந்தால் தாராளமாக அழைத்துச் செல்லுங்கள். அங்கே வீட்டுக்குள்ளும் கடைக்குள்ளும் பேருந்துக்குள்ளும் இருபது பாகைக்கு மேல் கதகதப்பாக இருக்கும். குளிர் என்பது வெளியே நிற்கும் நேரத்துக்கு மட்டுமே. முதியவர்களுக்கு உண்மையான ஆபத்து வழுக்கி விழுவது. காலணியின் அடியில் மாட்டும் முள்பட்டை அங்குள்ள கடைகளில் கிடைக்கும். இறங்கிய அன்றே தாயாருக்கு வாங்கிக் கொடுங்கள். குளிர்ந்த உலர்காற்று இளைப்பைத் தூண்டக்கூடும் என்பதால், தந்தையார் மூக்கையும் வாயையும் கம்பளித் துணியால் மூடி மூச்சுவிட வேண்டும். மூச்சு மருந்துக் குப்பியை உடலை ஒட்டிய உள்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். கைப்பேசியையும் அங்கேயே வையுங்கள், குளிரில் அதன் மின்கலம் விரைவில் இறங்கிவிடும்.

உடையில் மூன்று அடுக்கு: உடலை ஒட்டி மெல்லிய கம்பளி, அதன் மேல் தடித்த கம்பளி அல்லது ஃபிளீஸ், அதற்கும் மேல் காற்றுப் புகாத அங்கி. பருத்தியை உள்ளே அணியாதீர்கள். வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே நின்று உடலைக் குளிரச் செய்யும். காலணி ஓரளவு பெரிதாக, தடித்த காலுறைக்கு இடம் விட்டு இருக்கட்டும். இறுக்கமான காலணியில் விரல் விறைத்துப்போகும். கடுங்குளிரில் உலோகம் தோலைச் சுடும். தாயார் தோட்டையும் மூக்குத்தியையும் வெளியே போகும்போது கழற்றி வைப்பது நல்லது. தாலிச் சங்கிலி உள்ளாடைக்குள் இருந்தால் கவலையில்லை. பனிச்சுற்றுலா நடத்தும் நிறுவனங்கள் முழு உடல் அங்கியும் காலணியும் இரவலாகத் தருவார்கள் என்பதால் எல்லாவற்றையும் விலைகொடுத்து வாங்க வேண்டாம். இருட்டில் நடப்பவர்கள் ஒளி எதிரொளிக்கும் பட்டையை அணிவது நல்லது. மலிவானது, ஆளுக்கு ஒன்று வாங்கி மேலங்கியில் தொங்கவிடுங்கள்.

சௌனா என்னும் வெப்பக் குளியல் அந்த மக்களின் வாழ்வோடு கலந்தது. 2020இல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலிலும் இடம்பெற்றது. எழுபது, எண்பது பாகை வெப்பம் என்பதால் இரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் உள்ளே போகக் கூடாது. ஆரோக்கியமாக இருப்பவர்கள் தவறவிடாதீர்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் கார்த்திகை மாதம் முழுவதும் சைவ உணவுதான். அங்கே என்ன உண்பது? (வாசகர், குவாத்ர் போர்ன்)

பதில்: லாப்லாந்தின் பழைய உணவு துருவமான் இறைச்சியும் மீனும்தான், குளிர் மிகுந்து பயிர் விளையாத மண்ணில் அது இயல்பு. ஆயினும் நீங்கள் பட்டினி கிடக்க மாட்டீர்கள். ரை என்னும் தானியத்தின் மாவில் செய்த ரொட்டி, அரிசிக் கஞ்சியை ரை மாவு ஓட்டுக்குள் வைத்துச் சுட்ட கரேலியப் பலகாரம், உருளைக்கிழங்கு, லிங்கன்பெரி, கிளவுட்பெரி போன்ற காட்டுப் பழங்கள் எங்கும் கிடைக்கும். கரேலியப் பலகாரத்தின் மேல் முட்டை கலந்த வெண்ணெய் தடவித் தருவது வழக்கம், விலக்கச் சொல்லுங்கள். பெரிய அங்காடிகளில் பருப்பும் அரிசியும் உண்டு என்பதால், சமையலறை உள்ள குடிலை எடுத்து இரவு ஒரு ரசமும் சோறும் ஆக்கிக்கொள்வதே சிறந்த வழி. புளியும் மிளகாய்த்தூளும் பொட்டலமாகக் கொண்டுபோங்கள். பச்சைக் கறிவேப்பிலையும் காய்களும் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் இல்லாமல் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுசெல்லக் கூடாது. பால், இறைச்சிப் பொருள்களும் தடை. சுற்றுலாவில் நெருப்பு மூட்டிச் சுட்டுத் தருவது பெரும்பாலும் இறைச்சி சாசேஜாகவே இருக்கும். சைவம் வேண்டுமெனப் பதிவு செய்யும்போதே எழுதிவிடுங்கள்; அன்று சொன்னால் ரொட்டியும் காப்பியும்தான் மிஞ்சும்.

கேள்வி: அங்குள்ள பழங்குடி மக்களை வேடிக்கைப் பொருளாக்காமல் அவர்களைப் பற்றி அறிய விரும்புகிறேன். எப்படி? (ஆசிரியர், மஹேபூர்)

பதில்: ஐயா, இக்கேள்வி வந்ததற்காக மிகவும் மகிழ்கிறேன். நார்வே, சுவீடன், பின்லாந்து, ரஷ்யா ஆகிய நான்கு நாடுகளிலும் பரவி வாழும் சாமி மக்களுக்கு, பின்லாந்தில் இனாரிதான் தலைமையிடம். முதலில் சீடா அருங்காட்சியகத்துக்குப் போங்கள். அதை நடத்துவது சாமி மக்களே. 2024இல் ஐரோப்பாவின் சிறந்த அருங்காட்சியக விருதைப் பெற்றது. அவர்கள் தங்களைப் பற்றித் தாங்களே சொல்வதைக் கேட்ட பிறகு மற்றதைப் பார்த்தால், எது உண்மை, எது சுற்றுலாவுக்காகக் கட்டிய வேடம் என்று பிரித்தறியும் கண் வந்துவிடும். அருகிலேயே 2012இல் எழுந்த சாயோஸ் கட்டடத்தில் பின்லாந்தின் சாமி நாடாளுமன்றம் இயங்குகிறது.

இனாரிப் பகுதியில் மூன்று சாமி மொழிகள் வழங்குகின்றன. அவற்றுள் இனாரி சாமி மொழியைப் பேசுவோர் சில நூறு பேர் மட்டுமே. 1990களில் வீட்டில் அம்மொழி பேசும் குழந்தைகள் அநேகமாக இல்லாமல் போன நிலையில், நியூசிலாந்து மாவோரி மக்களின் வழியைப் பின்பற்றி, 1997இல் ஒரு மழலையர் மனையைத் தொடங்கினார்கள். அங்கே குழந்தைகளிடம் இனாரி சாமியைத் தவிர வேறு மொழி பேசுவதில்லை. அங்கே வளர்ந்தவர்கள் இன்று பெரியவர்கள், அம்மொழி பேசுவோர் தொகையும் மீண்டும் கூடியிருக்கிறது. பள்ளியில் தமிழை ஒரு பாடமாகப் படித்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் கிரியோலுக்கு மாறிவிடும் நம் பிள்ளைகளைத் தினமும் பார்க்கும் உங்களைப் போன்ற ஆசிரியர், அதை அருகிருந்து அறிந்துகொண்டு வந்து நம் சங்கங்களில் பேச வேண்டும் என்பது என் விருப்பம். குழந்தைகள் உள்ள இடம் என்பதால், முன் அனுமதியின்றி வாசலில் போய் நிற்கக் கூடாது.

குளிர்காலத் தொடக்கம் துருவமான்களைக் காட்டிலிருந்து திரட்டி, யாருடையது எது என்று காது வெட்டுக் குறியால் பிரிக்கும் பருவமும் ஆகும். அது மேய்ப்பர்களின் ஆண்டு வருமானத்தைத் தீர்மானிக்கும் வேலை. அழைப்பு இருந்தால் மட்டுமே போய், வேலி ஓரமாக அமைதியாக நிற்க வேண்டும். ஒருவரிடம் எத்தனை மான் இருக்கிறது என்று கேட்காதீர்கள், வங்கியில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்பதற்கு அது சமம். பாரம்பரிய உடை அணிந்தவரைக் கேட்காமல் படம் எடுக்க வேண்டாம். கைவினைப் பொருள் வாங்கும்போது சாமிக் கைவினை முத்திரையைப் பார்த்து வாங்குங்கள். போலி உடைகளையும் மாய மந்திரக் காட்சிகளையும் எதிர்த்துச் சாமி நாடாளுமன்றம் 2018இல் சுற்றுலாவுக்கான நெறிகளையே வெளியிட்டிருக்கிறது.

கேள்வி: அங்கே வாடகைக் கார் ஓட்டலாமா? (வாசகர், ஃபிளாக்)

பதில்: பனிச்சாலையில் ஓட்டிப் பழகாதவர் ஓட்ட வேண்டாம் என்றே சொல்வேன். நாம் இடப்பக்கம் ஓட்டுபவர்கள், அங்கே வலப்பக்கம். அத்துடன் இருட்டும் வழுக்கலும் சேர்ந்தால், பத்து நாள் பயணத்தில் அதைப் பழகிக்கொள்ள அவகாசமில்லை. பேருந்தும், விடுதிக்காரர் அனுப்பும் வண்டியும் போதும். கட்டாயம் ஓட்ட வேண்டிவந்தால், குளிர்கால டயர் பூட்டிய வண்டிதானா என்று பார்த்து எடுங்கள். நவம்பர் முதல் மார்ச் வரை சாலை நிலைமைக்கேற்ப அது சட்டப்படி கட்டாயம். துருவமான்கள் கூட்டமாகச் சாலையில் நிற்கும், ஹார்ன் அடித்தாலும் எளிதில் விலகாது. ஒன்று கடந்தால் பின்னால் இன்னும் சில வரும் என்று எண்ணி வேகத்தைக் குறையுங்கள். மான் மீது மோதிவிட்டால், அது ஓடிப்போயிருந்தாலும் 112 எண்ணுக்குத் தெரிவிப்பது கடமை. ஒவ்வொரு மானுக்கும் உரிமையாளர் உண்டு. நீங்கள் தெரிவித்தால்தான் காயப்பட்ட விலங்கைத் தேடிப் பிடிக்கவும், உரிமையாளர் இழப்பீடு பெறவும் முடியும்.